கூப்பிடாத பெயர்

கிளாரோ எண்ணெயில் பொரித்த எம்பனாடாவை வலது கையால் எடுத்துக் கடித்தான்.

மேனாவின் கண் அதைப் பார்த்தது. மூளைக்குப் போய்ச் சேரவில்லை. விகான் நகரச் சதுக்கத்தின் ஓரத்தில் வரிசையாக நிற்கும் பலகாரக் கடைகளில் ஒன்றில், மழை விட்ட சாயங்காலத்தில், பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து அவள் தன் கால்களைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தாள். முழங்காலுக்குக் கீழே இரண்டும் மரத்துப் போயிருந்தன. கொதிக்கும் எண்ணெயின் புகையும், கரும்புக் காடியின் புளித்த வாசனையும், வண்டியில் பூட்டியபடி நனைந்து நிற்கும் குதிரைகளின் வாடையும் ஒன்றாகக் கலந்து முகத்தில் அடிக்க, தலைக்கு மேலே தார்ப்பாயில் தேங்கிய தண்ணீர் சொட்டுச் சொட்டாக அவள் தோளில் விழுந்துகொண்டிருந்தது. நகர்ந்து உட்காரலாம்தான். நகரத் தெம்பில்லை.

வழக்கம்போல அவனுக்குப் பிட்டுப் பிட்டு ஊட்டக் கையை நீட்டியபோதுதான் தட்டு காலியாக இருப்பதைக் கண்டாள். அவன் ஒரு தாளால் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். கோணிப்போன வலது ஓரத்தில் எச்சில் வழியவில்லை. அந்த ஓரம் கோணியும் இல்லை.

“லகாய்,” என்றாள். கிழவா என்று அர்த்தம். கல்யாணமான மறுநாளிலிருந்து அப்படித்தான் கூப்பிடுகிறாள். அன்றைக்கு அவனுக்கு மீசைகூடச் சரியாக முளைத்திருக்கவில்லை. “கை வருதா உனக்கு?”

அவன் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், இரவல் வாங்கிய சட்டை அளவு சரியா என்று பார்க்கிறவனைப்போல. பிறகு சிரித்தான். முழு வாயாலும் சிரித்தான்.

கடைக்காரி கரண்டியை எண்ணெய்ச் சட்டியில் தட்டிவிட்டு, அக்கா முறை வைத்து, “என்ன மனாங், அப்படிப் பாக்குறீங்க? எங்க எம்பனாடாவத் தின்னா செத்தவனே எந்திரிச்சு வந்து இன்னொண்ணு கேப்பான்!” என்றாள். பக்கத்து முக்காலிக்காரர்கள் சிரித்தார்கள். மேனாவும் சிரித்துவைத்தாள்.

கிளாரோ பாகியோவின் மலைப்பாதைகளில் ஜீப்னி என்ற பயணிகள் வண்டி ஓட்டியே வயதானவன். ஒவ்வொரு கல்யாண நாளன்றும், “அடுத்த வருஷம் உன்னை விகானுக்குக் கூட்டிட்டுப் போறேன் கிழவி, நல்ல போர்வையா வாங்கித் தரேன்,” என்று சொல்லிவந்தான். அந்த அடுத்த வருஷம் வரவில்லை, பக்கவாதம்தான் வந்தது. ஒரே மகன் சரக்குக் கப்பலில் எந்தக் கடலிலோ இருந்தான். கிளாரோவைப் புரட்டுவதும் குளிப்பாட்டுவதும் நனைந்த விரிப்பை உருவுவதும் மேனாவின் தலையில் விழுந்தன. ஆள் சின்ன ஆளும் இல்லை, அரிசி மூட்டை. பேச்சில் மிஞ்சியது ‘பா’ என்ற ஓரெழுத்து. கிழவி என்று அவளைக் கூப்பிடும் ‘பாகெட்’டின் முதல் எழுத்து அது. தண்ணீருக்கும் பா, மூத்திரத்துக்கும் பா, இருட்டில் பயம் வந்தாலும் பா. சில ராத்திரிகளில் அந்தப் ‘பா’ காதில் விழாதது மாதிரி அவள் கண்ணை மூடிக்கொண்டு கிடந்திருக்கிறாள். பிறகு எழுந்து போயும் இருக்கிறாள்.

கடைசியில் அவன் அவளைக் கூட்டி வரவில்லை. அவள்தான் அவனைப் பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்தாள். ஒரு போர்வை வாங்க வேண்டும், பழைய தெருவில் ஒருமுறை சேர்ந்து நடக்க வேண்டும், அவனை முழுசாக வீட்டுக்குத் திரும்பக் கொண்டுபோக வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை.

இப்போது கை வருகிறது. சந்தோஷப்பட வேண்டிய நேரம். ஆனால் அன்று மத்தியானம் தறிக்கொட்டகையை விட்டுக் கிளம்பியபோது இரண்டு பெயரையும் சொன்னோமா என்ற யோசனை, செருப்புக்குள் புகுந்த கல்லாக அவளை உறுத்த ஆரம்பித்தது.

நெசவுக்காரர்கள் தெரு ஊருக்கு வெளியே இருந்தது. தகரக் கூரை போட்ட கொட்டகையில் கருத்த மரத் தறிகள் வரிசையாக நின்றன; நூலுக்குப் போட்ட அரிசிக் கஞ்சியின் புளிப்பு சுவரெல்லாம் ஏறியிருந்தது. மற்ற பெண்கள் ஏதோ ஜெபத்துக்குச் சமைக்கப் போயிருந்தார்கள். கொட்டகைக்காரி பெலாகியா மட்டும் இருந்தாள். மேனாவைவிட மூத்தவள், எதையும் உரக்கவே சொல்கிறவள். அவள் எடுத்துப் போட்ட போர்வையில் கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரங்கள் நீரில் விழுந்த சுழல்போல உள்ளே உள்ளே இழுத்தன. பார்த்தால் தலை சுற்றியது. பேய்க்கும் சுற்ற வேண்டும் என்றுதான் அந்த மாதிரி நெய்வது; அதைப் போர்த்திக்கொண்டு தூங்குகிறவனைத் தேடி வருவது வழி தெரியாமல் திரும்பிவிடும். ஓரத்து நூலை மட்டும் முடிச்சுப் போட்டு நாளைக்கு விடுதியிலேயே கொண்டுவந்து தருகிறேன் என்று சொல்லிவிட்டு, இன்னொன்று காட்டுகிறேன் என்று பெலாகியா வீட்டுக்குள் போனாள்.

அப்போதுதான் கிளாரோ சாய ஆரம்பித்தான். முழுக் கனமும் மேனாவின் மேல். சுற்றிலும் பார்த்தாள். கடைசித் தறியின் உட்காரும் பலகைக்குப் பின்னால் மட்டும் ஒரு மரத்தூண் இருந்தது. சாய்த்து உட்கார வைக்கலாம். தறியில் பாதி நெய்த துணி அப்படியே நின்றது. பலகையில் ஒரு கறுப்புத் துணிக்கிழிசல் கட்டியிருந்தது. கீழே ஒரு தட்டில் இரண்டு அரிசிப் பணியாரம், ஒரு சின்னக் கண்ணாடித் தம்ளரில் கரும்புக் கள். அது யாருக்கு வைத்தது என்று அந்த இலோகோஸ் பக்கத்தில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் தெரியும். மேனாவுக்கும் தெரிந்தது. ஆனால் முதுகு பிளந்துகொண்டிருந்தது. கீழே விழுந்தான் என்றால் தூக்க ஆளில்லை. ஒரு நிமிஷம்தானே என்று அவனை அந்தப் பலகையில் உட்கார வைத்தாள்.

“ஐயையோ அடிங்!” தங்கச்சி என்று கூப்பிட்டபடியே பெலாகியா கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். “யாரைக் கொண்டுபோய் எங்க உக்கார வச்சிருக்க? அது உர்சுலா இடம். பாதி நெசவுல நெஞ்சப் புடிச்சுக்கிட்டுப் போயிட்டா. நாளைக்குத்தான் ஒன்பதாம் நாள் ஜெபம். இன்னும் துணிய அறுக்கல! கறுப்பு கட்டியிருக்கே, கண்ணு தெரியலியா?”

“தெரிஞ்சுது மனாங். விழுந்துடுவார்னு…”

மேனாவின் முகத்தைப் பார்த்ததும் பெலாகியாவின் குரல் இறங்கிவிட்டது. இரண்டு பேருமாக அவனைத் தூக்கினார்கள். “உர்சுலா, கோவிச்சுக்காத. சீக்காளி. தெரியாம உக்காந்துட்டார்,” என்று தறியைப் பார்த்துச் சொன்னாள். பிறகு மேனாவின் கையைப் பிடித்து அழுத்தினாள். “போறப்போ பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் போ. ரெண்டு பேரையும். மறந்துடாத.”

மறக்கிற விஷயமா அது? அந்தப் பக்கத்து மனிதர்களின் உயிர் சந்தைக்கு வந்த பிள்ளை மாதிரி. உட்கார்ந்த இடத்தில் ஏதாவது வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றுவிடும். ஆற்றங்கரையோ, காடோ, அயலார் வீடோ, கிளம்பும்போது அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும்: இன்னாரே, வா, போகலாம், பின்தங்கிவிடாதே. இல்லையென்றால் உடம்பு வீடு போய்ச் சேரும். அது அங்கேயே நிற்கும். வாய் பேசாத குழந்தைக்குத் தாய் கூப்பிடுவாள். கிளாரோவுக்குப் பேச்சு போனதிலிருந்து மேனா கூப்பிட்டு வந்தாள், ஆஸ்பத்திரியை விட்டு வந்த நாள்கூட.

ஆனால் கிளம்பும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. அவர்களை ஏற்றிப்போக வந்த மோட்டார் டிரைசைக்கிள்காரன் வாசலில் நின்று, “சீக்கிரம் மனாங், ரோட்டுல தண்ணி ஏறுது!” என்று கத்தினான். குடை திருப்பிக்கொண்டது. கிளாரோவின் அக்குளில் கை கொடுத்துத் தள்ளியபடியே, “ஃபிலோமெனா, வா, போகலாம், பின்தங்கிடாதே,” என்று வாய் தன்பாட்டில் சொன்னது. தன் பெயர். அப்புறம்? அப்புறம் கிளாரோ வண்டிக்குள் ஏறிவிட்டான். சுலபமாக ஏறிவிட்டான். டிரைசைக்கிள்காரன் அந்தப் பக்கம் தூக்கியிருப்பான் என்று நினைத்தாள். இப்போது, எண்ணெய்ப் புகைக்கு நடுவே யோசித்துப் பார்த்தால், அந்த ஆள் இரண்டு கையாலும் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது.

அவர்கள் தங்கியிருந்தது பழைய காலத்துப் பெரிய வீடு. கீழே கல் பாவிய முற்றம், மாடியில் கிளிஞ்சல் பதித்த சன்னல்கள். முதல் நாள் அந்தப் படிகளில் அவனை ஏற்ற விடுதிக்காரரும் ஒரு ஆளும் வந்து தூக்க வேண்டியிருந்தது. இன்று அவன் தானே ஏறினான். மேனா பின்னால் வந்தாள். அகலமான பழைய பலகைகள் அவள் காலடியில் ஒவ்வொன்றாக முனகின. அவன் காலடியில் முனகவில்லை.

மின்சாரம் போயிருந்தது. அறையில் ஒரு மெழுகுவர்த்தி. மழையில் ஊறிய மரத்தின் வாசனை, அதற்கு அடியில் எங்கிருந்தோ புளித்த கஞ்சி வாசனை. கிளாரோ கட்டிலின் ஓரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தான். மெத்தை அமுங்கவில்லை. மேனா முதுகைக் காட்டி நின்று பைக்குள் அவன் மாத்திரையைத் தேடிக்கொண்டிருந்தபோது தரையில் சத்தம் கேட்டது. தடக். பிறகு சற்று எட்டி இன்னொரு தடக். வலது கால், இடது கால், வலது கால். அவள் திரும்பினாள். அவன் பாதங்கள் மாறி மாறித் தரையை மிதித்தன. வலது கை மடிக்கு மேலே எதையோ வீசியது, இடது கை அதைப் பிடித்தது, திருப்பி வீசியது. சுவரில் அந்தக் கைகளின் நிழல் போய்ப் போய் வந்தது. முகம் அமைதியாக இருந்தது.

“என்ன பண்றே லகாய்?”

கைகள் நின்றன. “நீ களைச்சுப் போயிருக்கே, ஃபிலோமெனா,” என்றான். அவன் குரல்தான். மலைப்பாதையில் பயணிகளோடு வாயடித்த அதே பழைய குரல், ஒரு எழுத்து தடுமாறவில்லை. “உக்காரு.”

ஃபிலோமெனா என்று அவன் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. பாதிரியார் கூப்பிடுவார்.

உட்கார்ந்தாள். அவன் எழுந்து அவளுக்குப் பின்னால் வந்தான். கொண்டையை அவிழ்த்தான். விரல்களால் சிக்கெடுத்தான், அறுந்துவிடாமல், நுனியிலிருந்து மேலே மேலே, ஒவ்வொரு இழையாக, நூலில் பழகிய கை செய்வதுபோல. கடைசியாகத் தன் தலையை யார் தொட்டார்கள் என்று அவளுக்கு நினைவில்லை. பயமாக இருந்தது. அதையும் மீறிக்கொண்டு அழுகை வந்தது, அழுதாள். இது யார் கை என்று கேட்க வாய் வரவில்லை. கேட்டால் நிறுத்திவிடுமே என்று இருந்தது. அந்த நினைப்புதான் அவளுக்கு வெட்கமாக இருந்தது. அன்று அவள் விடியும்வரை தூங்கினாள். யாரும் ‘பா’ என்று கூப்பிடவில்லை.

காலையில் அவளுடைய ரவிக்கையின் கிழிந்த ஓரம் தைக்கப்பட்டிருந்தது. தையல் கண்ணுக்கே தெரியவில்லை. கிளாரோவுக்கு ஊசியில் நூல் கோர்க்கத் தெரியாது.

கீழே முற்றத்தில் அவன் உட்கார்ந்து, எங்கேயோ கிடைத்த நூல் துண்டுகளை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான். “உங்க வீட்டுக்காரருக்கு எங்க ஊரு காத்து ஒத்துக்கிச்சு பாத்தீங்களா! ஆளே மாறிட்டாரே,” என்றார் விடுதிக்காரர். மேனா தலையாட்டினாள்.

போர்வையோடு பெலாகியா வாசலில் நுழைந்ததும் அப்படியே நின்றுவிட்டாள். பார்வை அவன் விரல்களில் இருந்தது. சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு மெல்ல நடந்து வந்து, கட்டை அவிழ்த்து, போர்வையை அவன் முன்னால் விரித்தாள். கறுப்பு வெள்ளைச் சுழல்கள் வெயிலில் உருண்டன. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மேனாவை இழுத்துக்கொண்டு பெலாகியா படிக்கட்டுக்கு அடியில் போனாள்.

“நேத்துக் கூப்பிட்டியா இல்லியா?”

“என்னைக் கூப்பிட்டேன்.”

“அவரை?”

மேனா முற்றத்தில் முடிச்சுப் போடும் கைகளைத் திரும்பிப் பார்த்தாள்.

“அந்த முடிச்சைப் பாரு. உர்சுலாதான் இப்படி இடது பக்கமா சுத்திப் போடுவா. நான் எத்தனை தடவை திட்டியிருக்கேன் அவளை.” பெலாகியாவுக்கு அவளை அறியாமல் கண் கலங்கிவிட்டது. “நல்லவதான் அடிங். யாருக்கும் கெடுதல் நினைக்க மாட்டா. காலி வீடு கெடச்சா யாருதான் குடியேற மாட்டாங்க? ஆனா உன் ஆளு அங்கல்ல இருக்காரு. ராத்திரி பூரா கொட்டாயிலேர்ந்து சத்தம். தறிச் சத்தம்னா எங்களுக்குப் பழக்கம். இது ‘பா, பா’ன்னு. காலையில போய்ப் பலகையத் தொட்டேன். நனைஞ்சிருந்துச்சு. எச்சி.”

பெலாகியா குரலைத் தாழ்த்தினாள்.

“சாயங்காலம் ஜெபம் முடிஞ்சதும் துணிய அறுப்போம். அறுத்துட்டா அந்த இடம் மூடிக்கும், அப்புறம் உள்ள இருக்குறது வெளிய வர முடியாது. அதுக்குள்ள இவரையும் கூட்டிக்கிட்டு வா. அவர் போட்டுக் கழட்டின சட்டை ஒண்ணு எடுத்துக்க. வாசல்ல நின்னு பேரைச் சொல்லிக் கூப்பிடு. வந்துடுவாரு. வந்ததும் இந்த உடம்புல கனம் ஏறும், அதான் அடையாளம். உர்சுலாவும் போயிடுவா.” பிறகு அவளை உற்றுப் பார்த்துவிட்டு, “எதுக்குச் சாயங்காலம்? இப்பவே கிளம்பேன்,” என்றாள்.

“இவருக்குக் கஞ்சி குடுத்துட்டு வரேன் மனாங்.”

அவன் எப்போதோ தானே சாப்பிட்டு முடித்திருந்தான். அது மேனாவுக்குத் தெரியும்.

அன்று பகல் முழுவதும் அவள் போகவில்லை. பழைய தெருவின் கருங்கல் பாதையில் கை கோர்த்துக்கொண்டு நடந்தார்கள். குதிரைவண்டிக்கு ஒதுங்கும்போது அவன்தான் அவளை ஒதுக்கினான். பையை அவன் தூக்கிக்கொண்டான். ஒரு பெஞ்சில் அவளை உட்கார வைத்து, குனிந்து, அவள் செருப்புக் கொக்கியைத் தளர்த்திவிட்டான். இதற்குத்தானே இத்தனை வருஷம் காத்திருந்தாள்! இன்னும் கொஞ்ச நேரம், என்று நினைத்தாள். மத்தியானம் அவன் படுத்தபோது போர்வையை எடுத்து அவன்மேல் போட்டுப் பார்க்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அதைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். கேள்வியே கேட்காவிட்டால் பதிலும் வராது. அவன் தூங்கவில்லை. கண்ணைத் திறந்தபடி கிடந்தான், விடுதிப் போர்வைக்குள் கைகள் மெல்ல அசைய.

தேவாலயத்து மணி சாயங்காலத்துக்கு அடித்தது. ஊருக்குத் திரும்பத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். நேற்றைக்கு முந்தின நாள் பஸ்ஸில் அவன் போட்டிருந்த சட்டை கையில் வந்தது. முகத்தில் வைத்துக்கொண்டாள். தைலம், வியர்வை, காய்ந்த எச்சில், அதற்கும் அடியில் எத்தனை துவைத்தாலும் போகாத ஜீப்னியின் கிரீஸ் வாசனை. கிளாரோ. அவன் இருட்டுக்குப் பயப்படுவான். பக்கவாதத்துக்கு அப்புறம் விளக்கு இல்லாமல் அவன் தூங்கியதில்லை. நேற்று ராத்திரி முழுவதும் அவன் அங்கே இருந்தான். இவள் தூங்கினாள்.

சட்டையைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு கீழே ஓடினாள். அவனும் பின்னாலேயே வந்தான், கூப்பிடாமலே.

டிரைசைக்கிள் பிடித்து நெசவுக்காரர்கள் தெருவில் போய் இறங்கியபோது வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. பெலாகியாவின் வீட்டு முன்னறையில் பெண்கள் சேர்ந்து ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த முணுமுணுப்பு தேன்கூட்டுச் சத்தமாக ஏறி இறங்கியது. கொட்டகையின் கதவு திறந்திருந்தது. வாசற்படியில் ஒரு மெழுகுவர்த்தி. பக்கத்தில் பெலாகியா, கையில் பெரிய கத்தரிக்கோல்.

“இப்பவா வர? முடியப் போகுது. கூப்பிடு. சீக்கிரம்.”

மேனா வாசலில் நின்றாள். உள்ளே இருட்டு. அரிசிக் கஞ்சியின் புளிப்பு. தறிகளின் கால்கள், குறுக்குச் சட்டங்கள், தொங்கும் நூல்கள். கடைசித் தறியில் ஒரு கறுப்பு. அதற்குள்ளிருந்து ஒரு மூச்சு.

“பா.”

சின்னதாக. குழந்தை கூப்பிடுவதுபோல.

“பா… பா…”

சட்டையை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்தாள். அவளுடைய முழங்கையில் ஒரு கை வந்து தொட்டது. மெதுவாக. அந்தக் கைக்கு எடையே இல்லை.

“உனக்குக் கால் வலிக்குது, ஃபிலோமெனா,” என்றது அவன் குரல் காதோரம். “வீட்டுக்குப் போகலாம் வா. நான் எல்லாம் பாத்துக்கறேன்.”

கால் வலித்தது. முதுகு வலித்தது. பெயரைச் சொன்னால் போதும். கனம் ஏறும். இந்தக் கை செத்துத் தொங்கும். இந்த வாய் கோணும். அரிசி மூட்டை அவள் தோளில் சாயும். நாளைக்கு. மறுநாள். அதற்கு மறுநாள். விரிப்பு. கஞ்சி. ராத்திரி. பா.

“கி…” என்று தொடங்கினாள்.

அவ்வளவுதான் வந்தது.

“சொல்லு அடிங்!”

வீட்டுக்குள் ஜெபம் கடைசி அடிக்கு வந்துவிட்டது. மேனா மூச்சை இழுத்தாள்.

“ஃபிலோமெனா,” என்றாள். “வா. போகலாம். பின்தங்கிடாதே.”

உள்ளே ‘பா’ நின்றுவிட்டது.

அவள் திரும்பினாள். திரும்பியதாகத்தான் நினைத்தாள். சரளைக் கல்லில் செருப்புச் சத்தம் கேட்டது. தன் செருப்புச் சத்தம். நடை மட்டும் தன்னுடையது இல்லை; நேராக, வலியில்லாமல். சத்தம் விலகிப் போனது. அவள் கால்கள் அசையவில்லை. கால்கள் எங்கே? கீழே மிதிகட்டைகள் தட்டுப்பட்டன. தொடைக்கு அடியில் பலகை. ஈரம். முதுகில் தூண்.

கதவுக்கு வெளியே இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. அதில் ஒருத்தி போய்க்கொண்டிருந்தாள். ரவிக்கையின் ஓரத்தில் புதுத் தையல். பக்கத்தில் கிளாரோவின் முதுகு. கை கோர்த்திருந்தார்கள். அவனுக்குள் இருப்பது யார் என்று தெரியும். இவளுக்குள் போவது யார் என்று தெரியவில்லை. ஃபிலோமெனா என்ற பெயருக்கு ஏதோ ஒன்று எழுந்து போயிருந்தது; கிளாரோவின் கிழவியை யாரும் கூப்பிடவில்லை.

“அடிங், அவர் பேரைச் சொல்லு! உன் பேரை இல்ல!” என்று பெலாகியா கத்தினாள். வெளியே போகிறவள் திரும்பவில்லை. அவள் நின்ற இடத்தில் சட்டை கிடந்தது. வெளியே காத்திருந்த டிரைசைக்கிள் உறுமியது. போய்விட்டது.

மேனா கூப்பிட்டாள். மனாங். மனாங்! வாசலில் பெலாகியா விறைத்துப் போனாள். நேற்று ஒரு குரல், இன்று இரண்டு. அவள் கண்கள் கொட்டகைக்குள் அலைந்தன. எதையும் பார்க்கவில்லை.

“முடிஞ்சுது பெலாகியா! அறுத்துடு!” என்று வீட்டுக்குள்ளிருந்து யாரோ சொன்னார்கள்.

பெலாகியா உள்ளே வந்தாள். உதடு ஜெபித்தது. மேனாவின் முகத்துக்கு நேரே குனிந்தாள். மூச்சில் வெங்காய வாசனை. கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கத்தரிக்கோல் நூலுக்குள் இறங்கியது. சரக். சரக். இழைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. துணியைச் சுருட்டி மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினாள். கதவு மூடியது.

இருட்டு.

பக்கத்தில் ஏதோ அசைந்தது. தேடியது. ஒரு பெரிய தலை மெல்லச் சரிந்து அவள் தோளில் இறங்கியது, முழுக் கனத்தோடு. தைலமும் கிரீஸும் மணத்தன.

“பா,” என்றான் கிளாரோ.

தண்ணீரா, பயமா, தெரியவில்லை. கழுத்தில் ஈரம் வழிந்தது. அதைத் துடைக்க அவள் கை தானாகவே பாவாடை நுனியைத் தேட ஆரம்பித்தது.